மீன் சட்டிக்குப் பக்கத்தில் வெர்திக்கியோ

மீன் கழுவிய கையில் கொஞ்சம் புளியைத் தேய்த்துக் கழுவினால் கவிச்சி அடங்கிவிடும். நம் அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. இத்தாலியின் கிழக்குக் கரையில் இதே வேலையைச் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளை ஒயின் செய்கிறது. அதன் பெயர் வெர்திக்கியோ. புளியிலும் அந்த ஒயினிலும் இருக்கும் முக்கியமான அமிலம் ஒன்றேதான்: டார்டாரிக் அமிலம்.

அன்கோனா துறைமுகம் இருக்கும் மார்க்கே மாநிலத்தில், யேசி என்ற ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் இந்தத் திராட்சை விளைகிறது. 'வெர்தே' என்றால் இத்தாலிய மொழியில் பச்சை. பழுத்த பிறகும் தோலில் பச்சைச் சாயல் நிற்பதால் வந்த பெயர்.

எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், ஆப்பிளில் மாலிக் அமிலம். டார்டாரிக் அமிலம் இவ்வளவு நிறைந்திருக்கும் பழங்கள் குறைவு. திராட்சையும் புளியும்தான் அவற்றில் பெயர்பெற்றவை. திராட்சையில் மாலிக் அமிலமும் உண்டு. பழம் பழுக்கும்போது சுவாசத்துக்காக அதை எரித்துவிடும், வெப்பமான இரவுகளில் இன்னும் வேகமாக. டார்டாரிக் அமிலம் அப்படிச் சீக்கிரம் குறையாது. யேசியிலிருந்து தென்மேற்கே, மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் மத்தேலிகா என்று ஒரு ஊர் இருக்கிறது. கடற்காற்று எட்டாததால் இரவில் நன்றாகக் குளிரும். அதனால் அங்கே விளையும் வெர்திக்கியோவில் மாலிக் அமிலமும் மிஞ்சி நிற்க, புளிப்பு இன்னும் கூர்மையாக இருக்கும்.

ஒயின் புட்டியை ரொம்பக் குளிரவைத்தால் சில சமயம் அடியில் கண்ணாடித்தூள் போல மின்னும் துகள்கள் படியும். கண்ணாடி இல்லை, டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உண்டான உப்பு. பயப்பட வேண்டியதில்லை.

சரி, மீனுக்கு வருவோம். கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்புக் கடலில் உடலின் நீர்ச்சமநிலையைக் காக்க உதவுவது இதுதான். இதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் இதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. நமக்குத் தெரிந்த கவிச்சி வாடை அதுதான். வேதியியலில் இது ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. எளிதில் ஆவியாகி மூக்கை எட்டிவிடும். அமிலம் பட்டதும் ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று உப்பாகிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, நீரிலேயே கரைந்து கிடக்கும். வாடையை மறைக்கும் வேலை இல்லை இது. மூக்குக்கு வரும் வழியையே அடைப்பது.

அன்கோனா மீனவர்களின் மீன் குழம்பு 'பிரொதெத்தோ'. மரபுப்படி 13 வகை மீன் போட வேண்டும் என்பார்கள். தக்காளியோடு வினிகரும் சேரும். சட்டியில் வினிகர், கோப்பையில் வெர்திக்கியோ என்று இரண்டு பக்கமும் புளிப்பு. மீன் குழம்பில் புளி கரைத்து ஊற்றும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சிவப்பு ஒயின் ஏன் ஒத்துவராது? 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலர்ந்த சிப்பிச் சதையை வெவ்வேறு ஒயின்களில் ஊறவைத்துப் பார்த்தார்கள். இரும்பு அதிகமிருந்த ஒயினில்தான் மீன்வாடை தூக்கலாக எழுந்தது. மீன் கொழுப்பை இரும்பு சிதைத்து வாடைப் பொருள்களை உண்டாக்குகிறது. ஆக, குற்றவாளி நிறமல்ல, இரும்பு. சிவப்பு ஒயின்களில் அது அதிகமாக இருக்கும் வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

மார்க்கேயின் தென்பகுதியில் உள்ள அஸ்கோலி ஊரில் பெரிய பச்சை ஆலிவ் காய்களின் கொட்டையை எடுத்துவிட்டு, இறைச்சி அடைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். இரண்டு சாப்பிட்டதும் நாக்கில் எண்ணெய் படலமாகத் தங்கும். புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கவைத்து அந்தப் படலத்தைக் கழுவிவிடுகிறது. அப்புறம் இன்னொன்று: வெர்திக்கியோவைக் குடித்து முடித்ததும் பாதாம் பருப்பின் தோலைக் கடித்தது போல ஒரு லேசான கசப்பு நிற்கும். உப்பிலிருக்கும் சோடியம் கசப்பு உணர்வைத் தணிக்கும் என்பதால், ஆலிவின் உப்புக்கு முன்னால் அந்தக் கசப்பு பணிந்துவிடுகிறது. இனிப்புப் பண்டத்தோடு மட்டும் வேண்டாம். சர்க்கரை பட்ட நாக்குக்கு இந்த ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும்.

எனக்குப் பிடித்த பொருத்தம் போர்த்தோ ரெகனாத்தி ஊர்ப் பிரொதெத்தோ. அங்கே தக்காளி கிடையாது. காட்டுக் குங்குமப்பூ போட்டு மஞ்சளாகச் செய்வார்கள். தக்காளியின் புளிப்பு இல்லாத அந்தச் சட்டிக்குப் பக்கத்தில்தான் கோப்பையின் புளிப்பு முழுதாகத் தெரியும்.