கியர் பூட்டுமுன் அடிமட்டத்தை எடுங்கள்

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அலுமினிய மவுண்டன் பைக், ஒற்றைக் கியர் பிரேம். வேறொரு இடத்தில் 7 கியர் பூட்டியிருக்கிறார்கள். "அண்ணா, ஒரு மாதமாப் பின்னுக்கு டக் டக்கெண்டு சத்தம்" என்றார். மண்ணெண்ணெய்த் துணியால் கிறீஸைத் துடைத்தேன். பின்சில்லின் அச்சு உட்காரும் இடது காதுக்கு மேலே, வெல்டிங் ஓரத்தில், தலைமயிர் போல ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. கீறல் அல்ல, வெடிப்பு.

நடந்தது இதுதான். அந்தப் பிரேமின் இரண்டு காதுகளுக்கும் இடைவெளி 120 மில்லிமீற்றர். பூட்டிய சில்லோ 135. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து உள்ளே திணித்திருக்கிறார்கள். இரும்புப் பிரேம் என்றால் சில மில்லிமீற்றர் விரிக்கலாம், அதுவும் இரு பக்கமும் சமமாக, காதுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்படி. அலுமினியத்தை விரிக்கவே கூடாது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு.

2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் வீட்டு மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் இறங்கின. அப்போதிருந்தே ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு 7 கியர் பூட்டும் ஆசையோடு வருகிறவர்கள் குறையவில்லை. எல்லோரும் டாம் வீதியில் கியர் சாமானை வாங்கி முடித்த பிறகுதான் வருகிறார்கள். வாங்குமுன் அடிமட்டத்தால் காதுகளின் உட்பக்க இடைவெளியை அளந்திருந்தால் பாதிப் பேருக்குச் செலவே வந்திருக்காது. 135 என்றால் வழி இருக்கிறது. 110, 120 என்றால் டெரெய்லர் கியரை, அதாவது செயினைப் பல்லுக்குப் பல்லு தள்ளி மாற்றும் வகையை, மறந்துவிடுங்கள்.

ஏமாற்றுவது புரி, அதாவது திருகுவரி. பின்சில்லின் பல்லுச் சக்கரம்தான் பிரீவீல். ஒற்றைப் பிரீவீலுக்கும் 7 கியர் பிரீவீலுக்கும் ஹப்பில் (சில்லின் நடுக்கட்டையில்) ஏறும் புரி பெரும்பாலும் ஒன்றே: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. ஆகவே கையாலேயே சுற்றி ஏற்றிவிடலாம். 'பார், ஏறிட்டுது' என்று சந்தோஷப்பட்டுச் சில்லைப் பூட்டினால் சின்னப் பல்லு பிரேமில் உரசும். வாஷர் போட்டு, நீள அச்சு போட்டு ஒதுக்கினால் றிம் நடுவில் நிற்காது, கம்பிகளை மறுபடி இழுக்க வேண்டும். செயினும் வேறு. ஒற்றைக் கியரில் பெரும்பாலும் 1/8 அங்குலம், கியருக்கு 3/32. தடித்த பழைய முன்பல்லில் மெல்லிய செயின் உட்காராது, அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது, டெரெய்லரை மாட்டும் ஹாங்கர். ஒற்றைக் கியர் பிரேமில் அது அநேகமாக இருக்காது. அச்சோடு சேர்த்து இறுக்கும் தகட்டு ஹாங்கர் விற்கிறது. காதின் வாய் பின்பக்கம் திறந்திருந்தால், டெரெய்லர் வழிமறிப்பதால் சில்லைக் கழற்றுவது ஒவ்வொரு முறையும் போராட்டம். அந்த நட்டு தளர்ந்தால் அல்லது தகடு வளைந்தால் டெரெய்லர் கம்பிகளுக்குள் போகும். சில்லு அப்படியே இறுகி நிற்கும். காலி வீதியில் பின்னால் பஸ் வரும்போது அது நடக்கக்கூடாது. அலுமினியத்தில் ஹாங்கரை வெல்ட் பண்ணித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

பெடலைப் பின்னால் மிதித்துப் பிரேக் பிடிக்கும் சைக்கிள் என்றால் இன்னும் ஒன்று: டெரெய்லர் போட்டால் அந்தப் பிரேக் போய்விடும். பிரேமில் றிம் பிரேக் பூட்ட இடம் இல்லையென்றால் பின்பிரேக்கே இல்லாத சைக்கிள்தான் மிச்சம்.

சரி, உண்மையில் கியர் வேண்டுமா? கொழும்பு சமதரை. எங்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கடுகண்ணாவ ஏறப் போகிறவர் வேறு. மற்றவர்களுக்குப் பின்பல்லை 16 இலிருந்து 18 ஆக மாற்றினாலே மிதி இலகுவாகும், செலவும் சொற்பம். அதற்கும் மேலே வேண்டுமென்றால் ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் 3 கியர் வகை நல்லது. ஹாங்கர் வேண்டாம், செயின் நேராகவே ஓடும், மரைன் டிரைவ் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் சாமானும் குறைவு. ஆனால் அதன் அச்சு அகலத்தையும் அளந்தே வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களில் இந்த ஹப் கிடைக்கும். சில்லோடு அப்படியே தூக்கிப் போட முடியாது. அதிலும் 26 அங்குலம் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் ரயர் உட்காரும் விட்டம் 590 மில்லிமீற்றர். மவுண்டன் பைக்கின் 26 என்பது 559. ஹப்பை எடுத்து உங்கள் றிம்மில் கம்பி கோர்க்க வேண்டும், துளை எண்ணிக்கையும் பொருந்த வேண்டும்.

அந்தத் தம்பியின் பிரேமை நான் திருத்தவில்லை. கியர்களைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். இரும்புப் பிரேம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார். போகும்போது என் அடிமட்டத்தையும் இரவல் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.