பாப்-அப்பில் இருப்பது நீங்கள் எழுதிய பெயர் மட்டும்தான்

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தார். மதியத்திலிருந்து எழுதிய கோட் முழுக்கக் காணோம், கிட்டில் பதிவு செய்யும் கமிட்டும் செய்யவில்லை. என்ன அழுத்தினீர்கள் என்று கேட்டேன். "ஸ்பேஸ், ஜி, பெரிய ஆர். பாப்-அப்ல 'கிட் ரெஃப்ரெஷ்'னுதான் அக்கா போட்டிருந்துச்சு."

இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் பயன்படுத்துவது நியோவிம் என்ற கோட் எடிட்டர், கூடவே விச்-கீ பிளக்-இன். லீடர் கீயை (குறுக்குவழிகளைத் தொடங்கும் கீ, அவருக்கு ஸ்பேஸ்) அழுத்திவிட்டுக் கை தயங்கினால் அடுத்து என்னென்ன அழுத்தலாம் என்று கீழே பட்டியல் காட்டுமே, அதுதான். அவருடைய எடிட்டர் அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக்கைத் திறந்து பார்த்தேன். எந்த கீக்கு எந்தக் கட்டளை என்ற கீபைண்டிங்குகள் ஒரு கோப்பில், அவற்றுக்கான பெயர்கள் வேறொரு கோப்பில். பெயர்க்கோப்பு யாருடையதோ, அப்படியே எடுத்து ஒட்டியது. பிறகு ஒரு வீடியோவைப் பார்த்து அதே கீக்கு கிட் மாற்றங்களைக் காட்டும் கிட்சைன்ஸ் பிளக்-இன்னின் 'ரீசெட் பஃபர்' கட்டளையை மாட்டியிருக்கிறார். பெயர்க்கோப்பைத் தொடவில்லை. அழுத்தியதும் கமிட் செய்யாத மாற்றமெல்லாம் பஃபரிலிருந்து, அதாவது எடிட்டரில் திறந்திருந்த கோப்பிலிருந்து, போய்விட்டது. கர்சர் கோப்பின் உச்சியில் இருந்ததால் கண்ணில் படவில்லை. சேமித்து எடிட்டரையும் மூடிவிட்டார். மூடாமல் இருந்திருந்தால் அன்டூ செய்யும் 'யு' அழுத்தியே எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போன விஷயம் இதுதான்: அந்த கீ என்ன செய்யும் என்பது பாப்-அப்புக்குத் தெரியாது. நீங்கள் வைத்த பெயரைக் காட்டும், அவ்வளவுதான். கட்டளையைப் படித்துப் பார்த்து, ஆராய்ந்து, விளக்கம் எழுதித் தருவதில்லை. பஸ் நெற்றியில் தாம்பரம் என்று போர்டு மாட்டிவிட்டு வண்டியை ஆவடிக்கு ஓட்டினால் போர்டு என்ன செய்யும்? அது தாம்பரம் என்றேதான் காட்டிக்கொண்டிருக்கும். "பாப்-அப்ல போட்டிருந்துச்சு" என்று சொல்லும்போது அதைப் போட்டது யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாப்-அப்பின் பார்டர் வளைவாக வேண்டும், ஐகான் வேண்டும், 'மாடர்ன்' தோற்றம் நல்லதா 'ஹீலிக்ஸ்' தோற்றம் நல்லதா என்று மணிக்கணக்கில் செதுக்குகிறார்கள். தவறில்லை, தினமும் பார்க்கிற திரை அழகாக இருக்கட்டும். அதில் பத்து நிமிடத்தைப் பெயர்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

பெயரைத் தனிக் கோப்பில் வைக்காதீர்கள். கீயை வரையறுக்கும் அதே வரியில் டிஸ்க்ரிப்ஷனையும் எழுதிவிடுங்கள். 2022இல் வந்த நியோவிம் 0.7 முதலே அதற்கு இடம் இருக்கிறது. கட்டளையை மாற்றும்போது பெயரும் கண்ணெதிரே நிற்கும். குழுக்களின் தலைப்பு மட்டும் தனியாக இருந்தால் போதும்.

ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான். 2025இல் வந்த ஈமாக்ஸ் 30இல் விச்-கீ கூடவே வந்துவிடுகிறது. அதில் கீயை வைத்துப் பெயர் மாற்றும் வசதி கீயை மட்டுமே பார்க்கும். அந்த கீக்குப் பின்னால் வேறு கட்டளை வந்து உட்கார்ந்தாலும் பழைய பெயர்தான் தெரியும். கீகளை வரையறுக்கும் கீமேப்பிலேயே பெயரையும் கட்டளையையும் ஜோடியாகக் கொடுங்கள். ஆபத்தான கட்டளைகளைத் தனி நிறத்தில் காட்ட ஒரு பட்டியலும் உண்டு. அது கட்டளையின் பெயரைப் பார்ப்பதால் நம்பலாம். இன்னொன்று, விளக்கம் இயல்பாக 27 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். 'நீக்கு', 'அழி' போன்ற வினை வரியின் கடைசியில் வந்தால் அதுதான் முதலில் காணாமல் போகும். முன்னால் போடுங்கள்.

நியோவிமில் பாப்-அப் தாமதமாக வருகிறது என்று டைம்-அவுட்டைப் பூஜ்யமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பல கீ சேர்ந்த மேப்பிங்குக்கு எடிட்டர் காத்திருக்கும் நேரம், இயல்பாக 1000 மில்லிசெகண்ட். அதைக் குறைத்தால் எழுத்தைத் தட்டும் இன்செர்ட் மோடில் ஜே-கே அழுத்தி வெளியே வருகிறவர்களுக்கு அது வேலை செய்யாது. அதே கன்ஃபிக்கை பிளக்-இன் இல்லாத சர்வரில் போட்டால் லீடர் கீகளும் போச்சு. நியோவிமின் விச்-கீயில் 2024இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் பாப்-அப்பின் தாமதத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது, இயல்பாக 200 மில்லிசெகண்ட். அதில் கை வையுங்கள்.

சந்தேகம் வந்தால் எடிட்டரையே கேட்கலாம். நியோவிமில் 'வெர்போஸ் என்-மேப்' கொடுத்து அந்த கீயைப் போட்டால் பின்னால் இருக்கும் உண்மையான கட்டளை, அல்லது அது எழுதப்பட்டிருக்கும் கோப்பும் வரியும் தெரியும். ஈமாக்ஸில் கன்ட்ரோல்-எச், கே. இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்தவர் கன்ஃபிக்கில் உள்ள எந்த 'ரீசெட்'டையும் 'டிலீட்'டையும் அழுத்தாதீர்கள். எடிட்டரை மூடித் திறந்த பிறகும் அன்டூ செய்ய உதவும் அன்டூ கோப்பையும் இன்றைக்கே ஆன் செய்துவிடுங்கள். நியோவிமில் அது தானாக ஆன் ஆகியிருக்காது.

அன்று தம்பியோடு உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பெயர் ஒன்றும் வேலை ஒன்றுமாக இன்னும் இரண்டு கீ அகப்பட்டன. அதில் ஒன்று, 'கோப்பை மூடு' என்ற பெயரில் சேமிக்காமலே மூடிக்கொண்டிருந்தது.