சொல் விளக்கம்: நல்லிணக்கம்

போர் ஓய்ந்த நாடுகளைப் பற்றிய செய்திகளில் 'ரிகன்சிலியேஷன்' என வரும் இடமெல்லாம் 'நல்லிணக்கம்' என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. இலங்கையில் 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், 2010-இல் அமைக்கப்பட்ட 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு'வின் பெயரிலும் இச்சொல்லே இடம்பெற்றது.

'இணங்கு' என்பது பழைய வினை. ஒத்துப்போதல், மனம் பொருந்துதல், சம்மதித்தல் ஆகியவை அதன் பொருள்கள். 'இணக்கம் அறிந்து இணங்கு' என்கிறது ஆத்திசூடி. அறிதல் முன்னும் இணங்குதல் பின்னுமாக அமைந்த அந்த வரிசை கவனிக்கத்தக்கது. 'நல்' என்னும் அடை சேர்ந்ததும் சொல் இனிமை பெறுகிறது. ஆனால் முன்பு ஒரு முறிவு நேர்ந்தது என்ற குறிப்பு அதில் இல்லை. ஒருநாளும் சண்டையிடாத இரண்டு தெருக்காரர்களும் நல்லிணக்கத்தோடு வாழலாம். 'மத நல்லிணக்கம்' என்னும் வழக்கு அத்தகையதே.

ஆங்கிலச் சொல்லோ இலத்தீனிலிருந்து வந்தது. 'ரி' என்னும் முன்னொட்டுக்கு 'மீண்டும்' என்பதும், எஞ்சிய பகுதிக்குக் 'கூட்டிச் சேர்த்தல்' என்பதும் பொருள்.

அதே சொல் கணக்கியலிலும் புழங்குகிறது. வங்கியின் ஏட்டையும் நம் ஏட்டையும் பொருத்திப் பார்க்கும் குறிப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்கிறது. கொழும்பிலும் ரங்கூனிலும் லேவாதேவி நடத்தி, பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய செட்டிநாட்டாருக்கு இப்பொருளை விளக்க வேண்டியதில்லை: இரண்டு ஏடுகளையும் விரித்து, பற்றையும் வரவையும் வரிவரியாக ஒத்துப் பார்த்து, விடுபட்டது எது, இருமுறை ஏறியது எது என்று கண்டபிறகுதான் கணக்கு நேராகும். ஒத்துப் பார்த்தபின் ஒத்துப்போதல் என்று தமிழிலேயே இதைச் சொல்லிவிடலாம். ஆனால் 'சரிக்கட்டுதல்' போர் முடிந்த நாட்டுக்கு ஆகாது. ஆளைச் சரிக்கட்டுவது என்றால் நம் பேச்சில் என்ன பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்த ஆணையத்தின் பெயரில் 'உண்மை' முதலிலும் 'நல்லிணக்கம்' அடுத்தும் நின்றன. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர், செய்ததை முழுமையாக வெளிப்படுத்தினால்தான் பொதுமன்னிப்புக்கு உரியவரானார். 7,000-க்கும் மேற்பட்ட மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. ஏட்டைத் திறக்காமல் கணக்கை முடிக்க இயலாது என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

வேறு சொற்களையும் பார்க்கலாம். 'சமாதானம்' போர் நின்ற நிலையைக் குறிக்கப் போதும்; உறவைக் குறிக்கப் போதாது. வள்ளலார் கையில் உயர்ந்த பொருள் பெற்ற 'சமரசம்' இன்று விட்டுக்கொடுத்தலாகச் சுருங்கிவிட்டது. பொது வீட்டின் பாகத்துக்காகப் பேச்சுவார்த்தையற்றுப் போன பங்காளிகள் மறுபடி கூடிக்கொண்டால், 'ராசியாகிவிட்டார்கள்' என்பார்கள். இது சோதிட ராசியன்று. சம்மதம் எனப் பொருள்படும் அரபுச் சொல், பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தது. 'ராஜினாமா'வும் அதன் உறவே. முதலில் சம்மதப் பத்திரமாக இருந்து, பிறகு பதவி விலகலாக மாறியது. 'ராசி' உயிருள்ள சொல்தான். எனினும் இரண்டு வீடுகளுக்கு இடையில் பொருந்துவது இரண்டு இனங்களுக்கு இடையில் பொருந்துமா என்பது ஐயமே.

அமைச்சின் திறமாக, 'பிரிந்தார்ப் பொருத்தல்' என்று குறள் (633) சொல்வது மிக நெருங்கி வருகிறது. பிரிவும் அதில் இருக்கிறது, சேர்த்துவைக்கும் செயலும் இருக்கிறது. கலைச்சொல்லாக ஆள்வதற்கு அது நீளம் என்றால், சிலர் ஏற்கெனவே எழுதிவரும் 'மீளிணக்கம்' என்பதைக் கொள்ளலாம் என்பது என் கருத்து. முறிவு நேராத இடத்தில் 'நல்லிணக்கம்' இருக்கட்டும். முறிந்து, உண்மை கேட்டு, மறுபடி சேரும் பணிக்கு 'மீளிணக்கம்' என்று எழுதலாம். இலங்கை ஆணைக்குழுவின் பெயரை மட்டும், அது பெயராகவே அமைந்துவிட்டதால், உள்ளபடியே எழுத வேண்டும்.