எஞ்சின் செய்த பிறகும் தண்ணீர் குறைகிறதா? ஹெட்டைக் கழற்ற முதல் இதைப் பாருங்கள்

"அண்ணை, எஞ்சின் செய்து ஒரு மாதம் ஆகேல்லை, திரும்பவும் தண்ணி குடிக்குது."

கராஜ் வாசலில் இப்படி வந்து நிற்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். பலர் நகையை அடகு வைத்துத்தான் எஞ்சின் செய்திருப்பார்கள், அதாவது முழுதாகக் கழற்றித் தேய்ந்ததை மாற்றிப் பூட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது "காஸ்கற் போயிட்டுது, ஹெட்டைக் கழற்று" என்றால் மனம் விட்டுப்போகும். (ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி. அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் புளொக்குக்கும் இடையில் ஒழுகாமல் போடும் தகடுதான் காஸ்கற்.) கொஞ்சம் பொறுங்கள்.

புதிதாகச் செய்த எஞ்சினில் என் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். தண்ணீரை முழுதாக வடித்துத் திரும்ப ஊற்றும்போது ஹெட்டுக்குள் காற்று சிக்கிவிடும். ரேடியேற்றர் நிரம்பியதுபோல் தெரியும்; உள்ளே ஒரு மூலை வெறுமையாகக் கிடந்து சூடேறும். சூட்டுக்கு ஏற்ப ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தேமோஸ்டாற்றுகள் பலவற்றில் ஒரு சின்ன ஆணி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று போவதற்கு வைத்த வழி அது. அது மேல்பக்கம் வரும்படி பூட்ட வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து, வாகனத்தின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீற்றரையும் திறந்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி கொஞ்ச நேரம் வந்து நின்றால் அது சிக்கிய காற்று. நிற்காமல், அக்சிலேற்றரை அழுத்த அழுத்தக் கூடினால் விஷயம் வேறு.

அதை உறுதிப்படுத்த ஒரு காசும் செலவில்லாத சோதனை இருக்கிறது. இரவு முழுக்க நின்ற எஞ்சினில், ரேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் அமத்திப் பாருங்கள். மெதுமையாக இருக்கும். மூடியைப் பூட்டி ஸ்டார்ட் செய்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப அமத்துங்கள். தண்ணீர் இன்னும் குளிராகவே இருக்க, ஹோஸ் மட்டும் கல்லுப்போல இறுகியிருந்தால் அது சூட்டால் வந்த அழுத்தம் இல்லை. சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீர் வழிக்குள் இறங்குகிறது.

அப்புறம் கொம்பிறசன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், இடையில் காஸ்கற் எரிந்திருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வு, ரிங் பக்கமும் பார்க்க வேண்டும். ஒயில் மூடியில் கொஞ்சம் வெள்ளை நுரை கண்டதும் பயப்படாதீர்கள், கிட்டத் தூரம் மட்டும் ஓடும் வாகனத்தில் அது ஈரத்தால் வரும். ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலேயே ஒயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். புதிதாகப் போட்ட பெயறிங் எல்லாம் போய்விடும். ஒயில் கூலர் ஒழுகினாலும் இதே நிறம் வரும், அதையும் பாருங்கள்.

சூடான ரேடியேற்றர் மூடியை மட்டும் எந்த அவசரத்திலும் திருகாதீர்கள். மூடியின் அழுத்தத்தில் தண்ணீர் 110 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அது நீராவியாகி முகத்துக்கு வரும்.

சரி, காஸ்கற்தான் என்று உறுதியாகிவிட்டது. புதுசு ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்ததா? இல்லை. ஒரு பழைய டொல்பின் வான் இப்படி வந்தது. எஞ்சின் வேறோர் இடத்தில் செய்தது. 2, 3ஆம் சிலிண்டர்களில் கொம்பிறசன் குறைவு. கழற்றிப் பார்த்தால் அவற்றுக்கு நடுவே காஸ்கற்றில் கறுப்புத் தடம். வளைந்திருக்கிறதா என்று நேர்மட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கிலும் மூலைக்கு மூலையாகவும் பார்த்தேன். ஹெட்டிலும் புளொக்கிலும் 0.05 மில்லிமீற்றர் தகடுகூட நுழையவில்லை. பிறகு புளொக்கில் போல்ட் துளை ஒன்றுக்குள் கம்பியில் துணி சுற்றி விட்டேன். கறுத்த ஒயிலும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு வந்தது. அடி மூடிய துளை அது. போல்ட் இறங்கும்போது உள்ளே நிற்பது போக இடமில்லை. அளவு வைத்து இறுக்கும் டோர்க் ரென்ச் 'டக்' என்று சொல்லியிருக்கும், இறுக்கமோ ஹெட்டில் விழவில்லை. சிலவேளை இதனால் புளொக்கே வெடிக்கும். துளைகளைத் துடைத்துக் காற்றடிக்கப் பத்து நிமிடம் போதும். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் எஞ்சினைப் பூட்டும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். துளை துடைத்தாயிற்றா? நடுவிலிருந்து வெளியே என்ற ஒழுங்கில், படிப்படியாக இறுக்குகிறார்களா? போல்ட் ஒருமுறை மட்டும் பாவிக்கும் வகை என்றால் புதுசு வாங்கியாயிற்றா?

அந்த வானின் ரேடியேற்றரையும் கழற்றினேன். பாதிக் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் அங்கேயும் படிகிறது. காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வழியில் வேறு வழியின்றிக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், வீடு வந்து, எஞ்சின் ஆறியதும் வடித்துவிடுங்கள்.