தேய்ந்துகொண்டே போன தூண்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயம். அதன் மேற்கு வாசலை ஒட்டிய சிற்ப மண்டபத்தில், 1188 என்று ஆண்டு பொறித்த நிலைக்கல்லின் கீழே, ஒரு பளிங்குத் தூண் நிற்கிறது. அதில் ஐந்து விரல்கள் கச்சிதமாகப் பொருந்தும் குழிகள். அவை உளியால் செதுக்கியவை அல்ல. நெடுந்தூரம் நடந்து வந்த யாத்ரீகர்கள், நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் கை வைத்து வைத்து விழுந்த குழிகள். இப்போது தொட விடுவதில்லை.

இதைச் சொல்ல ஸ்பானிஷில் 'தெஸ்காஸ்தார்' என்ற ஒரு வினை போதும். தூண், செருப்பு, டயர், பொறுமை எல்லாவற்றுக்கும் அதுவேதான். நம் 'தேய்' மாதிரி.

ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் மொழிபெயர்ப்பாளர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கே தேய்வதைக் குறிக்கும் 'வேர்' (wear) என்ற வினைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குட்டிச் சொல் வரும். தேய்மானம் எதில் போய் முடிந்தது என்பதை அதுதான் சொல்லும். செருப்பின் அடியில் ஓட்டை விழுந்தால் 'த்ரூ'. செருப்பே இனி உதவாது என்றால் 'அவுட்'. படிக்கட்டு தேய்ந்து தணிந்தால் 'டவுன்'. மேல்பூச்சு மட்டும் போனால் 'ஆஃப்'. கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமல் போனால் 'அவே'. சாந்தியாகோ தூணுக்கு 'அவுட்' போட்டால் தப்பு. அது இன்னும் உறுதியாக நிற்கிறதே! 'அவே'தான் சரி. ஆக, ஸ்பானிஷ் வாக்கியம் சொல்லாமல் விட்ட ஒரு விவரத்தை, பொருளையே நேரில் பார்ப்பதுபோல் மனதில் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அகராதி இதற்கு ஓரளவுதான் உதவும்.

லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இந்த இயல்பை விரிவாக ஆராய்ந்தவர். ஒரு பாட்டில் மிதந்து குகைக்குள் போனால், ஸ்பானிஷ் 'நுழைந்தது' என்பதை முக்கிய வினையாக்கி, 'மிதந்தபடி' என்று பின்னால் சேர்க்கும். ஆங்கிலம் 'மிதந்தது' என்பதை வினையாக்கி, உள்ளே போனதை ஒரு குட்டிச் சொல்லிடம் விட்டுவிடும்.

மனிதர்கள் தேயும்போது உவமையே மாறிவிடுகிறது. வேலையில் உழைத்து உழைத்து மனம் சோர்ந்துபோவதை ஸ்பானிஷ் 'தொழில் தேய்மானம்' என்கிறது. ஆங்கிலத்தில் அது 'பர்ன்அவுட்', எரிந்து தீர்வது. இங்கே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கில வாசகருக்கு ஒன்றும் புரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மெல்ல மெல்ல என்ற உணர்வை ஸ்பானிஷ் எப்படிக் கொண்டுவருகிறது தெரியுமா? 'போ' என்ற வினையைத் துணைக்கு அழைக்கிறது: 'சே ஃபுவே தெஸ்காஸ்தாந்தோ'. இதில் 'ஃபுவே' என்றால் 'போனது'. ஆங்கிலத்தில் இதற்கு நேரான வடிவம் இல்லாததால், 'படிப்படியாக', 'வருடங்கள் போகப் போக' என்று எதையாவது சேர்க்க வேண்டியிருக்கும். தமிழிலோ சிரமமே இல்லை: தேய்ந்துகொண்டே போனது.