சிதைத்தால்தான் கேட்கும் பேஸ்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த கறுப்பின நகரியங்களில் 2010-களின் தொடக்கத்தில் எழுந்த கோம் இசை, இன்று டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் ஒலிக்கிறது. மினிபஸ் டாக்சியில் நெஞ்சை உலுக்கும் அதன் பேஸ் எனும் தாழ்சுர ஒலி, கையகல ஒலிபெருக்கியில் எப்படிப் பிழைக்கிறது? பதில் டிஸ்டார்ஷனில், அதாவது ஒலியலையை வேண்டுமென்றே சிதைப்பதில், இருக்கிறது.

50 ஹெர்ட்ஸ் தூய சைன் அலையைச் சிறிய ஒலிபெருக்கியால் எழுப்ப இயலாது. அந்த அலையின் மேட்டையும் பள்ளத்தையும் சமமாக வெட்டினால் 150, 250, 350 ஹெர்ட்ஸில் மேற்சுரங்கள் முளைக்கின்றன. ஒரு பக்கத்தைக் கூடுதலாக வெட்டினால் 100, 200 ஹெர்ட்ஸும் சேரும். எல்லாம் 50-இன் மடங்குகள். மூளை அதைக் கண்டுகொண்டு, ஒலிக்காத 50-ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது.

ஒரு தொல்லை உண்டு. சுரம் தேயத் தேய அலை வெட்டும் எல்லையைத் தொடாமல் போகும், மேற்சுரங்களும் மறைந்துவிடும். அதனால் பதிந்த ஒலித்துண்டுகளை (மாதிரிகளை) வாசிக்கும் சாம்ப்ளர் கருவியில், உரத்த ஒலியை அடக்கி மெல்லியதுடன் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஷரை முதலில் வைத்து, தேயும் வாலை உயர்த்த வேண்டும். அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக் 20, 30 மில்லிவினாடி இருந்தால் முதல் அடி அடங்காமல் வெளியேறும். அடக்கிய பிடியை விட எடுக்கும் நேரமான ரிலீஸில்தான் கவனம் தேவை. 50 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு ஆகும் நேரமே 20 மில்லிவினாடி. ரிலீஸ் அதைவிடக் குறைந்தால் கம்ப்ரஷர் ஒவ்வோர் அலைக்குள்ளும் ஏறி இறங்கித் தானே ஒலியைச் சிதைக்கும். அதை விரும்புபவர்கள் உண்டு; எனக்கு அது வெறும் கரகரப்பு.

உச்ச ஒலிகளை வடிகட்டும் ஃபில்டருக்கு இரண்டு இடங்கள். வெட்டுவதற்கு முன் வைத்தால், மாதிரியில் ஒட்டிக்கொண்ட சலங்கை, தாள ஒலிகள் பேஸுடன் கலந்து தொடர்பில்லாத அதிர்வெண்களைப் பெற்றெடுக்காது. பின்னால் வைத்தால் காதைக் குத்தும் உச்ச ஒலிகள் அடங்கும்.

சாம்ப்ளரே ஒலியைச் சிதைப்பதும் உண்டு: 1987-இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளரில் அலையின் உயரத்தைக் குறிக்க 12 பிட்தான், அதாவது 4096 படிகள். நினைவகத்தை மிச்சப்படுத்த, இசைத்தட்டை வேகமாகச் சுழற்றிப் பதிந்து, பிறகு சுருதியைத் தாழ்த்தினார்கள். கஞ்சத்தனத்தில் பிறந்த அந்தச் சொரசொரப்புக்கு இன்று தனி மதிப்பு!

சிதைத்த ஒலி அடித்தளத்தை மெலியவைத்தால், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தூய சைனைச் சாம்ப்ளரின் தனிப் பேடில் (தட்டினால் ஒலிக்கும் பொத்தானில்) வைத்துச் சேர்ந்து ஒலிக்க விடலாம். ஆனால் ஃபில்டர் அலையின் கட்டத்தை, அதாவது மேடும் பள்ளமும் வரும் நேரத்தை, நகர்த்தும். இரண்டும் சேர்ந்ததும் பேஸ் பெருகாமல் இளைத்தால், ஒன்றின் தொடக்கப் புள்ளியைச் சிறிது தள்ளிப் பாருங்கள்.