வலது கை சரி, இடது கை சரி, சேர்த்தால் மட்டும் ஏன் குளறுகிறது?

பியானோவோ கீபோர்டோ கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில், சில மாதங்களில் இந்தக் கட்டம் கட்டாயம் வரும். வலது கைப் பகுதி தண்ணி பட்ட பாடாக வந்துவிடும், இடது கையை மட்டும் வாசிக்கச் சொன்னால் அதுவும் ஓடும், "சரி, ரெண்டு கையையும் சேர்த்து வாசி" என்றவுடன் எல்லாம் போச்சு. இடது கை தன் வேலையை விட்டுவிட்டு வலது கையின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். "தனித்தனியா வாசிக்கிற இல்ல, சேர்த்து வாசிக்கிறதுக்கு என்ன?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்பார்.

கேட்பது நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருக்கிறது, அந்தக் கணக்கு மூளையில் செல்லாது. வலது கையைக் கற்றது ஒரு வேலை, இடது கையைக் கற்றது இன்னொரு வேலை, இரண்டையும் சேர்ப்பது மூன்றாவதாக ஒரு வேலை. முதல் இரண்டும் முடிந்துவிட்டதால் மூன்றாவது தானாக வந்துவிடாது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, ஆள்காட்டி விரல்களை மட்டும் நீட்டி, இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டுங்கள்: இரண்டும் இடப்பக்கம், இரண்டும் வலப்பக்கம். மெதுவாகச் செய்யும்போது ஒன்றுமே தோன்றாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், நீங்கள் கேட்காமலேயே, விரல்கள் இரண்டும் சேர்ந்து உள்ளே வரும், சேர்ந்து வெளியே போகும், அதாவது கண்ணாடியில் தெரிவது போல ஆட ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர் ஸ்காட் கெல்சோ 1980களில் இதை ஆய்வகத்தில் அளந்து காட்டினார். வேடிக்கை என்னவென்றால், கண்ணாடி ஆட்டத்தில் தொடங்கி வேகத்தைக் கூட்டினால் அது எதற்கும் மாறுவதில்லை, கடைசி வரை அப்படியேதான் இருக்கும். உடம்புக்கு அந்த ஒரு வழிதான் சுலபம்.

இதற்குக் காரணம் தேடினால் மூளையின் நடுவே போக வேண்டும். வலது கையை முக்கியமாக இயக்குவது மூளையின் இடது பாதி, இடது கையை இயக்குவது வலது பாதி. இரண்டு பாதிக்கும் நடுவில் கார்பஸ் கலோசம் என்று ஒரு தடித்த நரம்புக் கட்டு, சுமார் 20 கோடி இழைகள். இது செய்தி கடத்துவதோடு நிற்பதில்லை. ஒரு பாதி வேலை செய்யும்போது மற்றப் பாதியை "நீ சும்மா இரு" என்று அடக்கி வைப்பதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் இந்த ஏற்பாடு இன்னும் முதிரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு கையின் விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தொடச் சொல்லிப் பாருங்கள், சும்மா இருக்க வேண்டிய மற்றக் கையும் லேசாக அதே மாதிரி அசையும். பத்து வயது வாக்கில் இது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆக, இடது கை வலது கையைக் காப்பியடிப்பதைக் கவனக் குறைவு என்று திட்டுவதில் பயனில்லை, அடக்கும் கம்பி இன்னும் முழுசாகப் பொருத்தப்படவில்லை.

அந்த நரம்புக் கட்டே இல்லாவிட்டால்? கடுமையான வலிப்பு நோய்க்காக கார்பஸ் கலோசத்தை அறுவை செய்து துண்டித்தவர்களை வைத்து 1996ல் எலிசபெத் ஃப்ரான்ஸ், ரிச்சர்ட் ஐவ்ரி, மைக்கேல் கசானிகா முதலியோர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே நேரத்தில் ஒரு கையால் ஒரு வடிவமும் மறு கையால் திசை மாறிய வேறொரு வடிவமும் வரைய வேண்டும். நாம் வரைந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கோணலாகும். நரம்புக் கட்டு துண்டிக்கப்பட்டவர்களோ சிரமமில்லாமல் வரைந்தார்கள். ஆனால் அவர்களுடைய கைகளும் நேரத்தில் மட்டும் பிரியவில்லை, சேர்ந்தே தொடங்கின, சேர்ந்தே முடித்தன. எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வடிவத்தைப் பிரித்துவிடலாம், தாளத்தைப் பிரிப்பது அதைவிட ஆழமான சிக்கல்.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கலாம். ஆரம்பப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாடும்வரை தாளம் ஒழுங்காக விழும். இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்துக்குப் போனவுடன் குரலோடு சேர்ந்து தொடையில் தட்டும் கையும் வேகமெடுத்துவிடும். அங்கே கையும் குரலும், இங்கே கையும் கையும், பிணைப்பு ஏறக்குறைய ஒரே வகைதான்.

இப்போது கீபோர்டு பக்கம் வருவோம். பியானோவில் இரண்டு கைக்கும் கட்டைவிரல்தான் 1, சுண்டுவிரல் 5. சி மேஜர் ஸ்கேலை, அதாவது சியில் தொடங்கி அடுத்த சி வரை வெள்ளைக் கட்டைகளிலேயே வரும் எட்டுச் சுரங்களை, ஏறுமுகமாக வாசிக்கும்போது வலது கை 1-2-3-1-2-3-4-5 என்று போகும். இடது கை அதே சுரங்களுக்கு 5-4-3-2-1-3-2-1. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கையும் ஒரே திசையில் போகின்றன, ஒரே சுரங்கள், சுலபம்தானே என்று தோன்றும். உண்மையில் மூன்றாவது சுரத்திலும் ஆறாவது சுரத்திலும் மட்டும்தான் இரு கைகளும் ஒரே விரலில் சந்திக்கின்றன, மற்ற இடத்தில் எல்லாம் வேறு வேறு விரல். அதோடு வலது கையில் கட்டைவிரல் உள்ளே நுழைவது நான்காவது சுரத்துக்கு, இடது கையில் நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி வருவது ஆறாவதுக்கு. கண்ணாடி ஆட்டத்தை விரும்பும் மூளைக்கு இதைவிடக் குழப்பமான வேலை கொடுக்க முடியாது.

அதே ஸ்கேலை இரண்டு கட்டைவிரலையும் நடு சி (கீபோர்டின் நடுப்பகுதியில் உள்ள சி) கட்டையில் வைத்து, வலது கை வலப்பக்கமும் இடது கை இடப்பக்கமுமாகப் பிரிந்து போகும்படி வாசித்தால்? இரண்டு கைக்கும் 1-2-3-1-2-3-4-5. ஒரே விரல், ஒரே நேரம், ஒரே இடத்தில் தாண்டல். காதுக்குக் கொஞ்சம் விநோதமாகக் கேட்கும், ஏனென்றால் சுரங்கள் எதிரெதிராகப் போகின்றன, ஆனால் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆரம்பப் பாடங்களில் இரண்டு கட்டைவிரலும் நடு சியைப் பகிர்ந்துகொள்ளும் முறையும், தொடக்க கிரேடுத் தேர்வுகளில் எதிர்த்திசை ஸ்கேல் இருப்பதும் உடம்பின் இந்த இயல்போடு பொருந்துகின்றன. ஸ்கேலைச் சேர்த்து வாசிக்க முதலில் எதிர்த்திசையில் பழக்குங்கள் என்பேன், ஒரே திசை அப்புறம் வரட்டும்.

விரல்களுக்கும் ஒரு பிரச்சினை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள் விரலுக்கு ஓடி வருகின்றன. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நீட்டுவதற்கென்று கூடுதலாகத் தனித் தசை உண்டு. மோதிர விரலுக்கு அப்படி ஒன்று இல்லை, புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு குறுக்கே இணைந்தும் இருக்கிறது. நடுவிரலை மடக்கி மேசையில் வைத்துக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், புரியும். "நாலாம் விரலைத் தனியா தூக்கு" என்று பிள்ளையை வதைப்பதற்கு உடற்கூறு ஒத்துழைக்காது. கை முழுவதையும் லேசாகச் சாய்த்து அந்த விரலுக்கு எடையைக் கொடுப்பதுதான் வழி.

சரி, அப்படியென்றால் நன்றாக வாசிப்பவர்கள் இரண்டு கையையும் எப்படிச் சமாளிக்கிறார்கள்? மூளையில் இரண்டு தனித்தனி நிரல்களை ஓட்டுகிறார்கள் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை, இரண்டையும் ஒரே உருவமாகக் கோத்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் ஃப்ரான்ஸ் மெக்ஸ்னரும் குழுவினரும் 2001ல் இதற்கு அழகான ஆதாரம் காட்டினார்கள். மேசைக்குக் கீழே இரண்டு கைப்பிடிகள், அவற்றைச் சுற்றினால் மேலே இரண்டு கொடிகள் சுற்றும். ஒரு கை 4 சுற்றும் நேரத்தில் மறு கை 3 சுற்ற வேண்டும். பயிற்சி இல்லாதவருக்கு இது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் பற்சக்கரங்களை வைத்து, கைகள் 4:3 என்று சுற்றும்போது கண்ணுக்குத் தெரியும் கொடிகள் மட்டும் சமமாகச் சுற்றும்படி செய்துவிட்டால், முடிந்தது. கைகளை மறந்து கொடிகளைப் பார்த்தார்கள், கைகள் பின்னாலேயே வந்துவிட்டன.

பியானோவில் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் திணறும் "மூன்றுக்கு இரண்டு" தாளத்துக்கும் இதே மருந்துதான். வலது கையில் மூன்று சுரம் வரும் நேரத்தில் இடது கையில் இரண்டு. இதைத் தனித்தனியாக எண்ணினால் பைத்தியம் பிடிக்கும். "தகிட தகிட" என்று ஆறு எழுத்தாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு "த"விலும் இடது கை. முதல் "த", முதல் "ட", இரண்டாவது "கி" மூன்றிலும் வலது கை. அதாவது சேர்ந்து, வலது, இடது, வலது. இப்போது எண்ணுவதற்கு இரண்டு தாளம் இல்லை, வாயில் ஒரே சொற்கட்டு இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம், பிறகு ஏன் சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரே உருவமாகக் கோப்பது என்றால் ஆரம்பப் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? வேகத்தைத் தாராளமாகக் குறைக்க வேண்டும், கேட்பவருக்குப் பாட்டே தெரியாத அளவுக்கு. ஒரு பீட்டில் எந்த எந்த விரல்கள் சேர்ந்து விழுகின்றன என்று பார்த்து, அந்தப் பீட்டையும் அடுத்த பீட்டின் முதல் சுரத்தையும் மட்டும் ஒட்டி வாசிக்க வேண்டும், பிறகு அடுத்ததை. பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது வேறு: தடுக்கி விழுந்தவுடன் முதல் வரிக்கு ஓடிப் போய் மறுபடி ஆரம்பிப்பார்கள். இதனால் ஏற்கெனவே தெரிந்த முதல் வரி இன்னும் மெருகேறும், தடுக்கும் இடம் அப்படியே தடுக்கும்.

இன்னொரு பாதி வேலை தூக்கத்தில் நடக்கிறது. 2002ல் மேத்யூ வாக்கர் குழுவினர், வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது கை விரல்களால் ஐந்து தட்டல் கொண்ட ஒரு வரிசையைக் கற்றுக்கொடுத்தார்கள். பகலில் 12 மணி நேரம் விழித்திருந்து திரும்பவும் தட்டியபோது பெரிய முன்னேற்றம் இல்லை, இரவு தூங்கி எழுந்தபின் சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தது. இடையில் யாரும் பயிற்சி செய்யவில்லை. பிறகு அதே குழுவின் இன்னொரு ஆய்வில், இரண்டு கையாலும் தட்டும் நீளமான வரிசைக்குத் தூக்கத்தின் பலன் இன்னும் அதிகமாக இருந்தது. அதிலும், தூங்குமுன் எந்த இடத்தில் விரல் தயங்கியதோ அந்த இடம்தான் கூடுதலாக முன்னேறியது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினமும் ராத்திரி சாப்பிடுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் என்று பிரித்தால், நடுவில் அத்தனை இரவுகள் கிடைக்கின்றன.

இதெல்லாம் மூளையின் வடிவத்தையே மாற்றுமா என்றால், ஓரளவுக்கு ஆமாம். காட்ஃப்ரீட் ஷ்லாக் குழுவினர் 1995ல், ஏழு வயதுக்கு முன்பே தொடங்கிய இசைக் கலைஞர்களுக்கு கார்பஸ் கலோசத்தின் முன்பகுதி பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். பிறவியிலேயே அப்படி இருந்ததால்தான் கலைஞர் ஆனார்களோ என்ற கேள்வி அப்போது இருந்தது. 2009ல் வந்த ஆய்வில், சுமார் ஆறு வயதுப் பிள்ளைகளை 15 மாதம் வாரம் அரை மணி நேர கீபோர்டு வகுப்புக்கு அனுப்பி முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். வகுப்புக்குப் போகாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஆரம்பத்தில் வித்தியாசம் இல்லை, முடிவில் கையை இயக்கும் பகுதியிலும் கேட்கும் பகுதியிலும் இந்த நரம்புக் கட்டிலும் இருந்தது. இதைக் காட்டி "பியானோ கற்றால் கணக்கில் நூறு வாங்கலாம்" என்று விளம்பரம் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். ஒழுங்கான ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் பொது அறிவுத்திறனில் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றுதான் வருகிறது. பியானோ கற்றால் பியானோ வரும், அதுவே பெரிய விஷயம்தானே.

கைகள் இரண்டும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டால் அடுத்த வம்பு காத்திருக்கும்: வலது கை சத்தமாக, இடது கை மெதுவாக. இதைச் சாத்தியமாக்கியதே பியானோ என்ற கருவிதான். ஃப்ளோரன்ஸ் நகரில் பார்தலோமியோ கிறிஸ்தோஃபோரி செய்தது, 1700ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் அது பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கிளம்பும், தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். கேரம் ஸ்டிரைக்கரைச் சுண்டிவிட்ட மாதிரிதான், விரலைவிட்டுப் போனபின் நம் கையில் ஒன்றும் இல்லை. எனவே சத்தத்தைத் தீர்மானிப்பது சுத்தியல் கிளம்பும் வேகம். டிஜிட்டல் கீபோர்டில் கட்டைக்கு அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஆகும் நேரத்தை அளந்து 1 முதல் 127 வரை ஒரு எண் கொடுப்பார்கள். விலை குறைந்த சில கீபோர்டுகளில் இந்த அளவீடே கிடையாது, எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம். வாங்குமுன் இதை மட்டுமாவது பாருங்கள், கட்டை 61ஆ 88ஆ என்பதைவிட இது முக்கியம்.

தேர்ந்த கலைஞர்கள் இரண்டு கையையும் சேர்த்து அழுத்தும்போது மெட்டின் சுரம் மற்றச் சுரங்களைவிடச் சுமார் ஒரு நொடியின் நூறில் மூன்று பங்கு முன்னதாகவே ஒலிக்கும். வேண்டுமென்றே அப்படி முந்துகிறார்கள் என்று பலர் எண்ணியிருந்தார்கள். ஆஸ்திரியாவின் வெர்னர் கோபிள் 2001ல் கணினி பொருத்திய பியானோவில் 22 கலைஞர்களை அளந்தபோது, விரல்கள் கட்டையைத் தொட்டது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் என்று தெரிந்தது. மெட்டைச் சத்தமாக அழுத்தியதால் அதன் சுத்தியல் வேகமாகப் போய் முதலில் சேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.